கட்டளை அதிகாரமும் கண்காணிப்பாளர் பதவியும்: இசபெல் மக்நீல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் கிங்ஸ்டன் நகரிலிருந்த பெண்கள் சிறையின் கண்காணிப்பாளர் இசபெல் மக்நீல் 1966 ஆம் ஆண்டில் தம் பதவியிலிருந்து விலகினார். அந்நாட்டின் கூட்டாட்சிச் சிறை ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தாம். 1960 இல் அப்பொறுப்புக்கு வந்திருந்தார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், கப்பல் என்ற பெயரும் தகுதியும் பெற்ற கடற்படை நிலையம் ஒன்றுக்குக் கட்டளை அதிகாரியான முதல் பெண் என்ற பெருமையையும் பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகள் முழுவதிலும் அவரே பெற்றிருந்தார். அவரைப் பற்றிய குறிப்புகள் இந்த இரண்டு ‘முதல்’களையும் விரிவாகச் சொல்லும், பதவி விலகலுக்கு ஒரு வரிதான் ஒதுக்கும். இந்த ஆய்வு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான பெண்களைப் பயிற்றுவித்து நாட்டுக்கு அனுப்பிய ஒருவரால், சுமார் நூறு பெண்கள் மட்டுமே இருந்த ஒரு சிறையை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடத்த முடியாமற்போனது ஏன் என்பதே கேள்வி. விடையை அவருடைய திறமையில் தேடுவதைவிட, இரண்டு இடங்களிலும் அவர் கையில் என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதில் தேடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

கரையில் நின்ற கப்பல்

மக்நீல் 1908 இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் துறைமுக நகரமான ஹாலிஃபாக்ஸில் பிறந்தார். ஓவியக் கலை பயின்றவர். போர் வராதிருந்தால் அத்துறையிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்திருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் கனடா பெண்களைப் படைகளில் சேர்க்கத் தொடங்கியபோது தரைப்படையும் வான்படையும் 1941 இலேயே மகளிர் பிரிவுகளை அமைத்துவிட்டன. கடற்படைதான் கடைசியில் வந்தது. 1942 ஜூலை 31 அன்று கனடிய அரச கடற்படையின் மகளிர் சேவை சட்டப்படி நிறுவப்பட்டது. பிரிட்டனில் அச்சேவையினரை அழைத்தது போலவே இங்கும் அப்பெண்களை ‘ரென்கள்’ என்றே மக்கள் அழைத்தார்கள். அமைப்பை எப்படி நடத்துவது என்று காட்டுவதற்கு பிரிட்டிஷ் மகளிர் கடற்படைச் சேவை மூன்று அதிகாரிகளை இரவலாக அனுப்பியது. ஒட்டாவாவில் 1942 ஆகஸ்டு இறுதியில் கூடிய முதல் பயிற்சி வகுப்பில் இருந்த 67 பெண்களில் மக்நீலும் ஒருவர்.

இங்கே ஒரு நிர்வாக நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் ரென்கள் கடற்படைக்குத் துணை நின்ற தனி அமைப்பினர். அவர்களுடைய பதவிப் பெயர்களும் ஆண்களுடையவற்றிலிருந்து வேறுபட்டவை. கனடாவோ தன் மகளிர் சேவையைக் கடற்படையின் ஓர் உறுப்பாகவே அமைத்து, அதன் அதிகாரிகளுக்கு லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் என ஆண்களுக்குரிய அதே பதவிப் பெயர்களை வழங்கியது. இதைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் பெண்களுக்கு ஆண்களின் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. 1943 இல்தான் அது ஐந்தில் நான்கு பங்காக உயர்ந்தது. ஆனால் பதவி ஒன்று கையில் கொடுக்கப்பட்டால், அப்பதவிக்குக் கடற்படை மரபு எந்தெந்த அதிகாரங்களை வகுத்திருந்ததோ அவையும் உடன் வந்தன. மக்நீலின் முதல் அனுபவம் இத்தகைய ஏற்பாட்டுக்குள் அமைந்தது.

ரென்களுக்கான அடிப்படைப் பயிற்சி நிலையம் ஒன்டாரியோ மாகாணத்தின் கால்ட் என்ற சிறுநகரில் அமைந்தது. இன்று அவ்வூர் கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. கடற்படை எடுத்துக்கொண்ட கட்டடம் அதற்கு முன் மாகாண அரசின் பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியாக இருந்தது. அந்தப் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, 1942 அக்டோபரில் ரென்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 1943 ஜூன் 1 அன்று அந்நிலையம் ‘எச்எம்சிஎஸ் கொனெஸ்டோகா’ (‘எச்எம்சிஎஸ்’ என்பது கனடிய அரச கடற்படைக் கப்பல்களுக்குரிய முன்னொட்டு) என்ற பெயரில் முறைப்படி கப்பலாகவே அர்ப்பணிக்கப்பட்டது. கட்டளை அதிகாரி மக்நீல்.

கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, குன்றின் மேல் நின்ற ஒரு செங்கல் கட்டடத்தைக் கப்பல் என்று அழைப்பது வெளியாருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். கடற்படை மரபில் அது விளையாட்டன்று. கரையில் அமைந்த நிலையங்களுக்கும் கப்பற்பெயர் சூட்டி, கப்பலுக்குரிய ஒழுங்கை அங்கே நிலைநிறுத்துவது அதன் நெடுநாள் வழக்கம். அத்தகைய நிலையத்தை ‘கல் கப்பல்’ என்பார்கள். கொனெஸ்டோகாவுக்கு வந்திறங்கிய பெண், தரையைத் ‘தளம்’ என்றும் சமையலறையைக் ‘கேலி’ (galley) என்றும் சொல்லப் பழகினாள். வாயிற்கதவைத் தாண்டி ஊருக்குள் போவதற்கு ‘கரைக்குப் போகிறேன்’ என்று அனுமதி கேட்டாள். சில வாரங்களில் அணிவகுப்பும் பதவி அடையாளங்களும் கடற்படைச் சொற்களும் பழகி, அடுத்த பயிற்சிக்கோ பணியிடத்துக்கோ புறப்பட்டாள். கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் நிலையங்கள், குறியீட்டுப் பிரிவுகள், கப்பல்களின் இருப்பை வரைபடத்தில் குறிக்கும் அறைகள், சமையற்கூடங்கள், வாகனப் பிரிவுகள் என அவர்கள் பரவினார்கள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மங்க்டன் நகருக்கு அருகே இருந்த கவர்டேல் நிலையத்தில், எதிரியின் நீர்மூழ்கிகள் அனுப்பும் அலைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று இரவு பகலாகக் கேட்டுக் குறித்தவர்களில் பெரும்பகுதியினர் ரென்கள். போர் முடியுமுன் அச்சேவையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர்.

அவர்களில் மிகப் பலருக்குக் கடற்படையின் முதல் முகமாக இருந்தவர் மக்நீல். அவர் தம் ‘கப்பலில்’ ஒழுங்குக் குற்றத்தை விசாரிக்கலாம். விடுப்பைத் தரலாம், மறுக்கலாம். பயிற்சியின் போக்கைத் தம் பொறுப்பில் மாற்றலாம். மேலிடம் விளைவைக் கேட்குமேயன்றி, அன்றாடம் ஒவ்வொரு கதவையும் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று எழுதி அனுப்பவில்லை. அந்தப் பணிக்காக அவர் பிரிட்டிஷ் பேரரசின் ஓபிஇ விருதைப் பெற்றார். 1946 ஆகஸ்டில் மகளிர் சேவை கலைக்கப்பட்டது.

இடையில் ஒரு பள்ளி

போருக்குப் பின் அவர் ஏற்ற பணி, அந்தக் கால்ட் கட்டடத்தின் பழைய பயன்பாட்டோடு தொடர்புடையது. 1948 முதல் 1954 வரை ஒன்டாரியோ மாகாணத்தின் பெண் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளியின் கண்காணிப்பாளராக அவர் பணியாற்றினார். ‘பயிற்சிப் பள்ளி’ என்ற மென்மையான பெயருக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். திருடியதற்காக மட்டும் அங்கே அனுப்பப்படவில்லை. வீட்டிலிருந்து ஓடிப்போனாள், பள்ளிக்குப் போகவில்லை, பெற்றோரின் சொல்லுக்கு அடங்கவில்லை, ஆண்களோடு பழகினாள் என்ற காரணங்களுக்காகவும் பதினாறு வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் நீதிமன்ற ஆணையின் பேரில் அடைக்கப்பட்டார்கள். சட்டம் ‘அடங்காதவள்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியது. தாமாக முன்வந்து சீருடை அணிந்த பெண்களை நடத்தியவர், கதவைப் பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகளை நடத்தக் கற்றது இங்கேதான்.

கால்ட் வளாகத்தைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் ‘கிராண்ட்வியூ’ என்ற பெயரில் மீண்டும் பெண் பிள்ளைகளின் பயிற்சிப் பள்ளியாக இயங்கிய அந்த வளாகம் 1976 இல் மூடப்பட்டது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் அங்கிருந்த பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட உடல், பாலியல் கொடுமைகளைப் பற்றி வளர்ந்து பெரியவர்களான அப்பெண்களே 1990களில் வெளியே பேசினார்கள். 1994 இல் ஒன்டாரியோ அரசு அவர்களோடு ஈட்டு உடன்பாடு செய்துகொண்டது. 1999 இல் மன்னிப்புக் கேட்டது. மக்நீலின் காலத்துக்கு வெகு பின்னர் நடந்தவை அவை. ஆயினும், அதே சுவர்களுக்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் தம் இளமையின் சிறந்த நாள்களைக் கண்டதையும், அடுத்த தலைமுறையின் பிள்ளைகள் சொல்லொணாத் துன்பத்தைக் கண்டதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

1950களின் நடுப்பகுதியில் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. 1955 இல் கனடியக் கடற்படை பெண்களைத் தன் நிரந்தரப் படையிலேயே சேர்க்கத் தொடங்கிய வேளையில், ரென்களுக்கான பணியாளர் அதிகாரியாகக் கமாண்டர் பதவியில் அவர் இருந்தார்.

கிங்ஸ்டன்

கனடாவில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த தண்டனை பெற்றவர் மாகாணச் சிறைக்கும், இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பெற்றவர் கூட்டாட்சி அரசின் சிறைக்கும் போக வேண்டும். கூட்டாட்சிச் சிறைக்குரிய பெண்கள் எப்போதும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அந்தக் குறைவே அவர்களுக்குத் தீங்காயிற்று. 1835 இல் கிங்ஸ்டன் ஆண்கள் சிறைக்கு முதல் முதலாக மூன்று பெண்கள் கொண்டுவரப்பட்டபோது அவர்களுக்கென்று இடமே இருக்கவில்லை. மருத்துவப் பகுதியில் ஒதுக்கி வைத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அப்படியே ஆண்கள் சிறையின் மூலைகளில் கழிந்த பின், 1934 இல் சாலைக்கு எதிர்ப்புறத்தில் தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அது ஒன்றே.

உயர்ந்த சுற்றுச்சுவர், உள்ளே கம்பிக் கதவிட்ட அறைகள் ஈரடுக்கு வரிசைகளாக, அறைகளுக்கு வெளியுலகைக் காட்டும் சன்னல் கிடையாது. தப்பியோடி ஊரை அச்சுறுத்தக்கூடிய ஆண்களுக்கென்று வகுத்த ஏற்பாட்டை, அப்படிப்பட்ட அச்சத்துக்கு இடமே தராத பெண்களுக்கும் எழுப்பியிருந்தார்கள். திறந்து நான்கே ஆண்டுகளில், 1938 இல், ஆர்ஷம்போ தலைமையிலான அரச ஆணையம் இச்சிறை தேவையற்றது, பெண்களை அவரவர் மாகாணங்களிலேயே வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. யாரும் கேட்கவில்லை. 1950களிலும் 1960களிலும் இங்கிருந்தவர்களில் பலர் ஹெராயின் பழக்கத்தால் தண்டனை பெற்று வான்கூவரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஒரு தாய் தன் தண்டனைக் காலம் முழுவதும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே விடுதலையாவது அங்கே நடக்கக்கூடியதுதான்.

மக்நீல் வருவதற்கு முன் இச்சிறைக்குத் தலைமைக் கண்காணிப்பாளர் என்று தனியாக ஒருவர் இல்லை. எதிர்ப்புறத்து ஆண்கள் சிறையின் வார்டனே இதற்கும் அதிகாரி; அவருக்குக் கீழே ஒரு மேட்ரன், அதாவது பெண் மேற்பார்வையாளர். அன்றாடத் தொல்லை முழுவதும் மேட்ரனுக்கு, முடிவெடுக்கும் உரிமை முழுவதும் வார்டனுக்கு என்பதுதான் நடைமுறை. 1960 இல் இதற்குத் தனியான கண்காணிப்பாளர் பதவியை ஏற்படுத்தி அதில் மக்நீலை அமர்த்தியது உண்மையான மாற்றம். சிறை என்பது அடைத்து வைக்கும் இடம் மட்டுமன்று, வெளியே போய் வாழ்வதற்கு ஒருவரை ஆயத்தப்படுத்தும் இடமும் ஆகும் என்பது அவர் கொண்டுவந்த நோக்கு. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் வேண்டும், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை வேண்டும், எலிசபெத் ஃபிரை சங்கம் போன்ற வெளித் தொண்டமைப்புகளுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பவை அவர் வற்புறுத்தியவை. அச்சங்கம் 1939 இல் வான்கூவரிலும் 1949 இல் கிங்ஸ்டனிலும் தோன்றியிருந்தது. சிறைக்குள் இருந்த பெண்ணுக்கு உறவினர் வர இயலாத நிலையில், மாதத்துக்கு ஒருமுறையேனும் வெளியுலகத்தின் குரல் அதன் தொண்டர்கள் வழியாகத்தான் வந்தது.

இந்தப் பக்கத்தின் மறுபுறத்தையும் எழுதாமல் விட முடியாது. 1960களின் தொடக்கத்தில், அதாவது மக்நீல் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில், இச்சிறையின் உளவியல், மனநலப் பிரிவினர் குறைந்தது 23 பெண் கைதிகளுக்கு எல்எஸ்டி என்ற மாயத்தோற்றம் தரும் மருந்தைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 1990களின் இறுதியில் இது வெளியே வந்தது. அவர்களில் ஒருவர், அப்போது தமக்கு வயது 17 என்றும் தனிமை அறையில் வைத்தே தமக்கு அம்மருந்து தரப்பட்டது என்றும் கூறி வழக்குத் தொடுத்தார். சிறை நிர்வாகமே கேட்டுக்கொண்டதன் பேரில் இதை ஆராய்ந்த மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறவியல் அறிஞர்கள், அப்பெண்களிடம் மன்னிப்புக் கேட்டு ஈடு வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பவர், பரோல் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர், தரும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? சிகிச்சை என்ற சொல்லைச் சிறைக்குள் கொண்டுவந்த காலம், அச்சொல்லின் பெயரால் இதையும் அனுமதித்தது. மக்நீலின் மீது எனக்குள்ள மதிப்பு இதை மறைக்கச் சொல்லவில்லை.

விலகல்

மக்நீல் பொறுப்பேற்ற மறு ஆண்டு, 1961 இல், நாடாளுமன்றம் புதிய சிறைச்சட்டத்தை நிறைவேற்றியது. ஒட்டாவாவிலிருந்த தலைமையகம் பெரியதொரு கட்டடத் திட்டத்தை வகுத்து, எல்லாக் கூட்டாட்சிச் சிறைகளையும் ஒரே விதிமுறையின் கீழ்க் கொண்டுவர முனைந்தது. வழிகாட்டு ஆணைகள் அடுத்தடுத்து வந்தன. அவை ஆண்கள் சிறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆயிரக்கணக்கான ஆண்களுக்காக எழுதிய விதியை நூறு பெண்களுக்காகத் திருத்தி எழுத வேண்டிய அவசியத்தை அலுவலகம் உணரவில்லை. பாதுகாப்பு, பணியாளர் நியமனம், கைதிகளின் அன்றாட நடமாட்டம் என எதிலும் பெண்கள் சிறைக்கு வேறு தேவைகள் உண்டு என்ற மக்நீலின் வாதம் மேலிடத்தில் எடுபடவில்லை. அவர் கையிலிருந்த பொறுப்புக்கும் உரிமைக்கும் இடையிலான இடைவெளி குறையவே இல்லை. 1966 இல் அவர் போய்விட்டார்.

இதைத் தனிமனிதர்களின் பிணக்காக வாசிப்பது எளிது. அப்படி வாசித்தால் ஆய்வுக்குரிய பொருள் கைநழுவிவிடும். கொனெஸ்டோகாவில் அவருக்குத் தரப்பட்டது கட்டளைப் பொறுப்பு. கடற்படைக்கு அப்போது ரென்கள் தேவைப்பட்டார்கள். அவர்களால் விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு மாலுமியும் அட்லாண்டிக் கடலில் கப்பல் தொடர்களைக் காக்கப் போனான். ஆகவே பயிற்சி நிலையத்தின் வெற்றி மேலிடத்தின் வெற்றியாகவும் இருந்தது. கிங்ஸ்டனில் அவருக்குத் தரப்பட்டது பதவிப் பெயர். அங்கிருந்த நூறு பெண்கள் நன்றாக வாழ்ந்தாலும் சீரழிந்தாலும் தலைமையகத்தின் கணக்கில் பெரிய வேறுபாடு தெரியாது. கூட்டாட்சிக் கைதிகளில் பெண்கள் மிகச் சிறு பங்கினர் என்பதால் அவர்களுக்கென்று ஒரு கொள்கையோ ஒரு மேலதிகாரியோ இருக்கவில்லை. மக்நீலின் மேசைக்கு மேலே இருந்த ஒவ்வொரு மேசையும் ஆண்கள் சிறைகளுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இராணுவ ஒழுங்கில் பழகியவரால் சிறையில் மென்மையாக நடக்க முடியவில்லை என்று சிலர் எண்ணக்கூடும், நடந்ததோ நேர்மாறானது. விதிகளைத் தளர்த்த விரும்பியவர் கடற்படைக்காரர். தளர்த்த மறுத்தது குடிமை அலுவலகம்.

பதவி விலகிய பின்

கனடாவின் சிறை, திருத்தப் பணிகளை ஆராய்ந்து 1969 இல் வெளிவந்த உய்மே குழுவின் அறிக்கை, பெண் குற்றவாளிகள் தொடர்பான பொறுப்பை உயர்நிலையில் தகுதிவாய்ந்த ஒரு பெண்ணிடம் அரசு ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மக்நீல் விலகி மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன. பரிந்துரை காகிதத்தில் நின்றது. 1977 இல் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று கிங்ஸ்டன் பெண்கள் சிறை கரடிகளுக்கே தகுதியற்றது, பெண்களுக்கு எப்படித் தகும் என்று கடுமையாக எழுதியது. அதன் பிறகும் சிறை நடந்தது. 1990 இல் ஒரு பணிக்குழு, இந்தச் சிறையை மூடிவிட்டு நாட்டின் பல பகுதிகளிலும் சிறு நிலையங்களையும் பூர்வகுடிப் பெண்களுக்கென ஒரு குணமாக்கும் இல்லத்தையும் அமைக்க வேண்டும் என்றது. அரசு ஏற்றுக்கொண்டது, ஆனால் கட்டி முடிக்குமுன் காலம் முந்திக்கொண்டது.

1994 ஏப்ரலில் கைதிகள் ஆறு பேருக்கும் பணியாளர்களுக்கும் இடையே கைகலப்பு மூண்டது. நான்கு நாள் கழித்து, எதிர்ப்புறத்து ஆண்கள் சிறையிலிருந்து ஆண்கள் மட்டுமே அடங்கிய அவசரப் படையை வரவழைத்து, தனிமைப் பகுதியில் இருந்த எட்டுப் பெண்களின் ஆடைகளைக் களையச் செய்து சோதனையிட்டார்கள். அது ஒளிநாடாவில் பதிவாகியிருந்தது. 1995 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த நாடு அதிர்ந்தது. 1960 இல் ஆண்கள் சிறையின் வார்டனிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தச் சிறைக்கு, முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் நெருக்கடி என்றால் சாலையைத் தாண்டி ஆண்கள்தாம் வந்தார்கள்.

நீதிபதி லூயிஸ் ஆர்பர் விசாரித்து 1996 இல் அளித்த அறிக்கை பல பரிந்துரைகளைச் செய்தது. அவற்றுள் ஒன்று, பெண்கள் சிறைகளுக்கென்று ஒரு துணை ஆணையர் பதவியை உருவாக்கி, அச்சிறைகளின் வார்டன்கள் நேரடியாக அவருக்கே பதில் சொல்லும்படி செய்ய வேண்டும் என்பது. மக்நீலின் காலத்தில் இல்லாதிருந்தது இத்தகைய ஒரு மேலதிகாரியே. 1996 இலேயே அப்பதவி உருவாக்கப்பட்டது. ஒரு பெண் நியமிக்கப்பட்டார்.

1995 இல் நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோ நகரில், மக்நீல் பிறந்த மாகாணத்திலேயே, ஒரு பெண்கள் நிலையம் திறந்தது. அதே ஆண்டில் சஸ்காட்செவனில் ஒகிமா ஓசி குணமாக்கும் இல்லம் திறந்தது. 1997 இல் கிச்சனர் நகரில் திறக்கப்பட்ட கிராண்ட் வேலி நிலையம், ஒருகாலத்தில் கொனெஸ்டோகா நின்ற குன்றுக்கு மிக அருகில், அதே வாட்டர்லூ வட்டாரத்தில் இருக்கிறது. கிங்ஸ்டன் பெண்கள் சிறை 2000 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மக்நீல் அதைக் காணவில்லை. 1990 இலேயே அவர் காலமானார்.

ஆர்பரின் பரிந்துரையில் ஒரு பாதி மட்டும் நிறைவேறாமல் நின்றது. துணை ஆணையர் பதவி வந்ததேயொழிய, பெண்கள் நிலையங்களின் வார்டன்கள் அவருக்குக் கீழ் வைக்கப்படவில்லை. முன்போலவே, அந்தந்த வட்டாரத்தில் ஆண்கள் சிறைகளையும் சேர்த்து மேற்பார்வையிடும் வட்டாரத் துணை ஆணையரிடமே அவர்கள் அறிக்கை தந்தார்கள். 2003 இல் கனடிய மனித உரிமை ஆணையம் பெண் கைதிகளின் நிலையை ஆராய்ந்தபோதும் அந்த ஏற்பாடு அப்படியே இருந்தது.